கடல் கடந்த பயிற்சி

கெடா மாநிலத்தின் மெர்போக் ஆற்றை ஒட்டிப் பூஜாங் பள்ளத்தாக்கு அமைந்துள்ளது. பழந்தமிழர் கடாரம் என்று அழைத்த நிலப்பகுதி இது. பண்டைக் காலத்தில் இந்தியாவிலிருந்து பாய்மரக் கப்பலில் புறப்பட்ட வணிகர்கள், ஒரு பருவக்காற்றின் துணையோடு இங்கு வந்து சேர்ந்தனர். அவர்கள் ஊர் திரும்ப வேண்டுமானால் எதிர்த்திசைக் காற்று வீச வேண்டும். அதுவரை மாதக்கணக்கில் இங்கேயே தங்க நேர்ந்தது. அக்காலத்தில் உள்ளூர் மொழியையும் அளவைகளையும் மக்களின் பழக்க வழக்கங்களையும் தெரிந்துகொள்ளாத ஒருவர் நல்ல வணிகராக விளங்கியிருக்க முடியாது. ஆகவே, வேற்று மண்ணில் சில மாதங்கள் தங்கித் தொழிலைக் கற்றுக்கொள்வது இம்மண்ணுக்குப் புதியதன்று.

இன்று அம்முயற்சி வேறொரு வடிவில் தொடர்கிறது. கல்லூரி, பல்கலைக்கழக மாணவர்கள் தங்கள் நீண்ட விடுமுறையில் வேற்று நாட்டுத் தொழிற்சாலை, அலுவலகம், ஆய்வுக்கூடம், மருத்துவமனை முதலிய இடங்களில் பெரும்பாலும் எட்டு முதல் பன்னிரண்டு வாரங்கள்வரை தங்கிப் பயிற்சி பெறுகின்றனர். இதனைக் கோடைக்காலத் தொழிற்பயிற்சி என்பர். மலேசியாவில் கோடை எனத் தனிப் பருவம் இல்லை. ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் ஜூன் முதல் ஆகஸ்டுவரை கோடைக்காலம். அங்குள்ள பல்கலைக்கழகங்கள் நீண்ட விடுமுறை விடும் காலமும் அதுவே. அதனால்தான் இப்பயிற்சிக்கு அப்பெயர் அமைந்தது.

இரண்டாம் உலகப் போர் முடிந்து மூன்றாண்டுகள்கூட நிறைவடையாத நிலையில், 1948ஆம் ஆண்டு ஜனவரி மாதம் லண்டன் இம்பீரியல் கல்லூரியில் ஐரோப்பிய நாடுகள் சிலவற்றின் பேராளர்கள் ஒன்றுகூடினர். தொழில்நுட்ப மாணவர்களை நாட்டுக்கு நாடு பரிமாறிக்கொண்டு பயிற்சியளிக்கும் 'ஐயெஸ்டே' என்னும் அமைப்பு அங்கே தோன்றியது. தொழிலறிவோடு நாடுகளுக்கிடையே நல்லுறவும் வளர வேண்டும் என்பது அவர்களின் நோக்கம். இன்று அவ்வமைப்பு உலகின் பல பகுதிகளிலும் இயங்கி வருகிறது. எனினும், பயணச்சீட்டுக்கும் தங்குமிடத்துக்கும் பெருந்தொகை செலவாகும் இப்பயிற்சியில் மாணவர்கள் உண்மையில் கற்றுக்கொள்வது என்ன? செலவழித்த பணத்துக்கும் காலத்துக்கும் ஈடான பயன் கிடைக்கிறதா? இவ்வினாக்களுக்கு விடை காண நமது நாட்டின் பட்டறிவே துணைபுரியும்.

1952ஆம் ஆண்டு தொடங்கி 1962ஆம் ஆண்டுவரை, இங்கிலாந்தின் லிவர்பூல் நகருக்கு அருகில் கெர்க்பி என்னும் இடத்தில் மலாயா ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி ஒன்று இயங்கியது. மலாயாவின் பல பகுதிகளிலிருந்து மலாய், சீன, இந்திய மாணவர்கள் கப்பலேறிச் சென்று அங்கே ஈராண்டுகள் பயின்றனர். அலோர் ஸ்டாரில் பிறந்த துங்கு அப்துல் ரஹ்மான், 1956ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் மலாயாவின் விடுதலை பற்றிய நற்செய்தியை இக்கல்லூரி மாணவர்களிடையே அறிவித்தார் என்பது வரலாற்றுச் சிறப்பு. அம்மாணவர்கள் விரிவுரைகளைக் கேட்டதோடு நிற்கவில்லை. அருகிலிருந்த பள்ளிகளுக்குச் சென்று ஆங்கிலேயப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்திப் பழகினர். வேற்று மொழி பேசும் வகுப்பைக் கட்டியாளப் பழகியவருக்குத் தம் ஊர் வகுப்பறையில் நிற்கும் துணிவு தானே பிறந்துவிடும் அன்றோ?

அடுத்த பெரிய முயற்சி 1982ஆம் ஆண்டில் தொடங்கியது. அப்போதைய பிரதமர் டாக்டர் மகாதீர் முகமது 'கிழக்கை நோக்கும் கொள்கை'யை அறிவித்தார். அவரும் அலோர் ஸ்டாரில் பிறந்தவரே. இக்கொள்கையின் கீழ் மலேசிய இளைஞர்கள் ஜப்பானுக்கும் தென்கொரியாவுக்கும் அனுப்பப்பட்டனர். சிலர் பல்கலைக்கழகங்களிலும் தொழில்நுட்பக் கல்லூரிகளிலும் சேர்ந்து படித்தனர். வேறு சிலர் தொழிற்சாலைகளில் பயிற்சி பெற்றனர். இயந்திரங்களை இயக்கக் கற்பது மட்டும் இத்திட்டத்தின் நோக்கமன்று. அம்மக்களின் தொழில் ஒழுங்கையும் உழைப்பின்மீது அவர்கள் கொண்ட மதிப்பையும் கற்றுவர வேண்டும் என்பதே முதன்மையாகக் கருதப்பட்டது.

ஜப்பானியத் தொழிற்சாலைக்குள் நுழையும் பயிற்சியாளர் முதலில் கற்கும் பாடம் மிக எளியதாகத் தோன்றும். வேண்டாத பொருள்களை நீக்குதல், வேண்டியவற்றை உரிய இடத்தில் வைத்தல், இடத்தைத் துப்புரவு செய்தல், அந்நிலை மாறாமல் காத்தல், இவற்றை யாரும் சொல்லாமலே கடைப்பிடித்தல் ஆகிய ஐந்தே அப்பாடம். செய்ரி, செய்தோன், செய்சோ, செய்கெத்சு, சித்சுகே என்பன அவற்றின் ஜப்பானியப் பெயர்கள். பட்டப்படிப்பு படிக்க வந்தவரிடம் துடைப்பத்தைக் கொடுக்கிறார்களே என்று புதியவர் மனம் சுணங்கக்கூடும். சில நாள்களில் அதன் பொருள் விளங்கும். தரையில் ஒரு சொட்டு எண்ணெய் கிடந்தால், துப்புரவான இடத்தில்தான் அது கண்ணுக்குத் தெரியும். இயந்திரத்தில் எங்கோ கசிவு ஏற்பட்டுள்ளது என்பதற்கு அச்சொட்டே முதல் அறிகுறி. கூட்டிப் பெருக்குவது, பழுதை முன்கூட்டியே கண்டறியும் வழியாகவும் அமைகிறது.

அங்கே கற்கும் மற்றொரு பாடம் 'ஹோரென்சோ' எனப்படும். செய்த வேலையைப் பற்றி மேலாளரிடம் தெரிவித்தல், உடன் பணிபுரிவோருக்குத் தகவல் சொல்லுதல், ஐயம் எழுந்தால் கலந்து பேசுதல் என்னும் மூன்று சொற்களின் முதலசைகளைச் சேர்த்து இப்பெயரை அமைத்துள்ளனர். ஜப்பானிய மொழியில் பசலைக்கீரைக்கும் இதே ஒலியுடைய பெயர் என்பதால் யாரும் இதனை எளிதில் மறப்பதில்லை.

நம் மாணவர்களுக்கு இப்பாடம் மிகவும் தேவை. வகுப்பில் புரியாத இடத்தில் கையை உயர்த்திக் கேட்கக் கூச்சப்படுவோர் பலர். கேட்டால் மற்றவர் சிரிப்பார்களோ என்ற அச்சமே இதற்குக் காரணம். தேர்வில் அந்தக் கூச்சத்தின் விலை சில மதிப்பெண்கள் மட்டுமே. தொழிற்சாலையில் அதன் விலை பெரிது. காலையில் ஒரு கருவியின் அளவு சிறிது பிசகிவிட்டது எனக் கொள்ளலாம். பயிற்சியாளர் அதனைக் கண்டும் வாய் திறவாமல் இருந்தால், மாலைக்குள் செய்யப்படும் அத்தனை பொருள்களும் வீணாகும். "எனக்குத் தெரியவில்லை", "இங்கே ஒரு தவறு நேர்ந்துவிட்டது" என்று உடனே சொல்லும் பழக்கம் நற்பண்பு மட்டுமன்று. அது தொழில் திறனும் ஆகும். அயல்நாட்டுப் பயிற்சியில் மாணவர்கள் பெறும் பேறுகளுள் இதனையே தலையாயதாகக் கூறலாம்.

கெடா வாழ் தமிழ் மாணவர்களுக்கு இதில் தனிப்பட்ட அக்கறை உண்டு. பீடோங், சுங்கை பட்டாணி, பாடாங் செராய், லூனாஸ், கூலிம் முதலிய வட்டாரங்களில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பல ரப்பர்த் தோட்டங்களில் வேர்விட்டவை. காலப்போக்கில் ரப்பர் நிலங்கள் பல செம்பனைக்கும் வீடமைப்புக்கும் தொழிற்பேட்டைகளுக்கும் மாறின. தோட்டத்தை விட்டு நகருக்குக் குடிபெயர்ந்தோர் பலரிடம் உழைக்கும் உடல் இருந்தது. நகரத் தொழில்கள் கேட்கும் சான்றிதழ் இல்லை. அதனால் குறைந்த சம்பள வேலைகளே அவர்களுக்கு வாய்த்தன. அக்குடும்பங்களின் பிள்ளைகள் இன்று உயர்கல்விக் கூடங்களில் பயில்கின்றனர். அவர்கள் பட்டத்தோடு தொழில் திறனையும் பெறுவார்களா என்பதைப் பொறுத்தே அடுத்த தலைமுறையின் வாழ்வு அமையும்.

பயிற்சியின் அருமை தோட்ட மக்களுக்குத் தெரியாததன்று. ரப்பர் மரமே கடல் கடந்து வந்ததுதான். பிரேசில் நாட்டுக்குரிய அம்மரத்தின் கன்றுகள், லண்டன் கியூ தாவரவியல் பூங்காவிலிருந்து 1877ஆம் ஆண்டு சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்தன. சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் இயக்குநராக விளங்கிய ஹென்றி ரிட்லி, மரத்தைக் கெடுக்காமல் பால் எடுக்கும் முறையைப் பல ஆண்டுகள் ஆராய்ந்து உருவாக்கினார். பட்டையை மெல்லிய சீவலாக வெட்ட வேண்டும். வெட்டு மேலோட்டமாக இருந்தால் பால் குறையும். மிக ஆழமாகச் சென்றால் மரம் காயப்பட்டுப் புதுப்பட்டை சீராக வளராது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட அளவு மிகச் சிறியது. பொழுது விடியும் முன்பே, தலைவிளக்கின் வெளிச்சத்தில் அந்த அளவைக் கை அறிந்து வெட்ட வேண்டும். எந்த நூலைப் படித்தும் இத்திறன் வந்துவிடாது. கைதேர்ந்தவரின் அருகில் நின்று பார்த்து, வெட்டித் திருத்தப்பட்டுத்தான் ஒவ்வொருவரும் கற்றனர். 'ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது' என்னும் பழமொழி உணர்த்துவதும் இதுவே.

கைத்தொழிலை இவ்வாறு முறையாகப் பயிற்றுவிக்கும் நாடுகளுள் ஜெர்மனி முன்னணியில் உள்ளது. அங்கே தொழில் பழகும் இளைஞர்கள் வாரத்தில் ஓரிரு நாள்கள் தொழிற்பள்ளியில் பாடம் கற்பர். எஞ்சிய நாள்களில் நிறுவனத்தில் வேலை கற்பர். இதனை இரட்டைக் கல்விமுறை என்பர். மரவேலை, மின்வேலை, இயந்திரவேலை எதுவாயினும் தேர்வெழுதித் தேர்ந்தவருக்குச் சமூகத்தில் மதிப்புண்டு. அத்தகைய நாட்டில் சில வாரங்கள் பயிற்சி பெறும் மாணவர், கைப்பட உழைப்பது தாழ்ந்தது என்னும் எண்ணம் தவறு என்பதை நேரில் காண்கிறார். பால்மரம் வெட்டிய பாட்டியின் கைத்திறனும் ஒரு தொழில்நுட்பமே என்று அவருக்கு அப்போது தோன்றினால், அவர் கற்றது வேற்று நாட்டைப் பற்றி மட்டுமன்று.

மொழி பற்றிய பாடமும் இப்பயிற்சியில் உண்டு. ஆங்கிலம் தெரிந்தால் உலகெங்கும் செல்லலாம் என்பர். ஓரளவு அது உண்மையே. ஆனால், ஒசாகாவிலோ மியூனிக்கிலோ உணவு இடைவேளையில் தொழிலாளர்கள் தம் தாய்மொழியில்தான் பேசிக்கொள்வர். அந்நாட்டு மொழியில் நூறு சொற்களையாவது கற்றுச் செல்பவர் அவர்களோடு அமர்ந்து உண்ண முடியும். ஒன்றும் கற்காதவர் தனியே அமர்ந்து கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருப்பார். கெடா மாணவருக்கு இதில் ஒரு நற்பேறு உண்டு. வீட்டில் தமிழ், சந்தையில் மலாய், மளிகைக்கடையில் சீனம், வகுப்பில் ஆங்கிலம் எனப் பல மொழிகளைக் கேட்டே அவர் வளர்கிறார். கேட்பவருக்கு ஏற்ப மொழியை மாற்றிப் பேசும் பழக்கம் அவருக்குச் சிறு வயதிலேயே வந்துவிடுகிறது. அதனை ஒரு திறமையாக அவர் உணர வேண்டும்.

பணியிடத்துக்கு வெளியிலும் கற்க வேண்டியவை பல. கையிலுள்ள பணத்தை வாரக் கணக்கில் பிரித்துச் செலவிட வேண்டும். சமைக்க வேண்டும்; துணி துவைக்க வேண்டும்; முதல் நாளே பேருந்து நேரத்தை அறிந்து வைக்க வேண்டும். காய்ச்சல் கண்டால் கஞ்சி வைத்துத் தர அம்மா அருகில் இருக்கமாட்டார். முதல் சில வாரங்கள் வீட்டு நினைவு வாட்டும். இது பலருக்கும் நேர்வது என்று முன்னரே அறிந்திருந்தால் மனம் தளராது.

இத்தனை நன்மைகள் இருந்தாலும், இப்பயிற்சி எல்லாருக்கும் எளிதில் கிட்டுவதன்று. விமானக் கட்டணம், விசா, காப்புறுதி, தங்குமிடம் என ஒவ்வொன்றுக்கும் பணம் வேண்டும். பல இடங்களில் பயிற்சியாளருக்கு ஊதியம் கிடைப்பதில்லை; கிடைத்தாலும் வாடகைக்கே போதாமல் போகலாம். நகையை அடகு வைத்தும் வட்டிக்குக் கடன் வாங்கியும் பிள்ளையை அனுப்பும் குடும்பம், பயிற்சி முடிந்த பின்னும் பல மாதங்கள் அந்தச் சுமையைத் தாங்க வேண்டியிருக்கும். எனவே, விண்ணப்பிக்கும் முன்பே உபகாரச் சம்பளம், பல்கலைக்கழக நிதியுதவி, ஊதியம் வழங்கும் பரிமாற்றத் திட்டம் ஆகியவற்றை ஆராய வேண்டும். எவ்வளவு கிடைக்கும், எவ்வளவு குறையும் என்று குடும்பத்தினரோடு அமர்ந்து கணக்குப் பார்ப்பதே முதல் பயிற்சி எனலாம்.

எச்சரிக்கையும் வேண்டும். அயல்நாட்டில் அதிகச் சம்பளம் என்னும் போலி விளம்பரங்களை நம்பிச் சென்ற மலேசியர்கள் கம்போடியா, மியன்மார் போன்ற நாடுகளில் மோசடிக் கும்பல்களிடம் சிக்கித் தவித்த செய்திகள் 2022ஆம் ஆண்டில் நாளிதழ்களில் இடம்பெற்றன. உண்மையான பயிற்சித் திட்டம் எழுத்துவழி ஒப்பந்தம் தரும். மாணவரின் கல்விக்கூடத்தோடு தொடர்புகொள்ளும். என்ன வேலை, எத்தனை மணி நேரம், யார் பொறுப்பாளர் என்பவற்றைத் தெளிவாகக் கூறும். சுற்றுலா விசாவில் வந்து வேலை செய்யச் சொல்வோரையும், கடப்பிதழைத் தம்மிடம் ஒப்படைக்கச் சொல்வோரையும் நம்பக்கூடாது. ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று முன்னோர் கூறியது இத்தகைய இடங்களுக்கும் பொருந்தும்.

அயல்நாடு செல்ல வசதியில்லாத மாணவர்கள் மனம் சோர வேண்டியதில்லை. 1996ஆம் ஆண்டு கூலிமில் உயர்தொழில்நுட்பப் பூங்கா திறக்கப்பட்டது முதல் உலக நிறுவனங்கள் பல கெடாவுக்கே வந்துவிட்டன. ஜெர்மனியின் இன்பினியன் நிறுவனம் 2006ஆம் ஆண்டு முதல் அங்கே சில்லுகளைத் தயாரிக்கிறது. மின்வாகனங்களுக்கும் சூரிய மின்சக்திக் கருவிகளுக்கும் பயன்படும் சிலிக்கான் கார்பைடு சில்லுகளுக்கான அதன் புதிய ஆலை 2024ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் திறப்பு விழா கண்டது. அவ்வாலையும் ஆஸ்திரியாவின் பில்லாக் நகரிலுள்ள அதன் ஆலையும் ஒரே தொழிற்சாலைபோல் இணைந்து செயல்படுகின்றன. ஆஸ்திரியாவைச் சேர்ந்த ஏடி அண்ட் எஸ் நிறுவனத்தின் ஆலையும் அதே ஆண்டு ஜனவரியில் கூலிமில் திறக்கப்பட்டது.

கண்ணுக்குத் தெரியாத ஒரு தூசியும் சில்லைப் பாழாக்கிவிடும் என்பதால், இத்தகைய ஆலைகளில் தலை முதல் கால்வரை மூடிய உடையணிந்தே பணிபுரிவர். ஒரு நேரமுறையில் வேலை செய்பவர், அடுத்த நேரமுறையில் வருபவருக்குக் குறிப்பெழுதி ஒப்படைத்த பின்னரே செல்வார். பாடாங் செராயிலிருந்து நாள்தோறும் பேருந்தில் சென்று வரும் மாணவரும் இத்தகைய இடத்தில் உலகத் தரமான ஒழுங்கைக் கற்கலாம். கூலிமில் உள்ள துவாங்கு சுல்தானா பாஹியா பல்தொழில்நுட்பக் கல்லூரி, பீடோங் வட்டாரத்தில் உள்ள ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம், 1984ஆம் ஆண்டு நிறுவப்பட்டு, இன்று சிந்தோக்கில் இயங்கும் வட மலேசியப் பல்கலைக்கழகம் எனக் கெடாவிலேயே உயர்கல்வி பெறும் வாய்ப்புகளும் உள்ளன. உள்ளூரில் நன்கு பயிற்சி பெற்றவர் பின்னர் அயல்நாடு செல்லும்போது, எதைக் கவனிக்க வேண்டும் என்பதை அறிந்தே செல்வார்.

பயிற்சி எங்கே நடந்தாலும் அதன் பயன் மாணவரின் ஆயத்தத்தைப் பொறுத்தது. தொழிற்பயிற்சி மேற்கொள்ளும் மாணவர்கள் நாட்குறிப்பேடு எழுதுவது மலேசியக் கல்விக்கூடங்களின் வழக்கம். சிலர் அதனை ஒரு கடமையாகக் கருதி, 'இன்று அலுவலகத்தில் உதவி செய்தேன்' என்று ஒரே வரியை நாள்தோறும் எழுதுவர். வேறு சிலர், அன்று செய்த வேலை, அதைச் செய்யும் முறை, அவ்வாறு செய்வதற்கான காரணம், எழுந்த ஐயம் ஆகிய நான்கையும் எழுதுவர். மூன்று மாதங்களுக்குப் பிறகு முதல்வகையினரிடம் நிழற்படங்கள் எஞ்சும். இரண்டாம் வகையினரிடம் ஒரு தொழில்நூலே இருக்கும். நேர்முகத் தேர்வில் "நீங்கள் அங்கே என்ன கற்றீர்கள்?" என்று கேட்டால், பின்னவர் தயக்கமின்றி விடையளிப்பார்.

கற்றுவந்ததைப் பகிர்ந்துகொள்வதும் மாணவரின் கடமையாகும். நமது ஊர்களில் எஸ்.பி.எம். தேர்வு எழுதிய பின் அடுத்து என்ன செய்வதென்று அறியாமல் நிற்கும் இளையோர் உள்ளனர். எந்த விண்ணப்பத்தை எப்போது அனுப்புவது, அறிமுகக் கடிதத்தை எப்படி எழுதுவது, எந்த நிதியுதவியைக் கேட்பது என்று சொல்லித்தரப் பல வீடுகளில் ஆள் இல்லை. பயிற்சி பெற்றுத் திரும்பிய ஒருவர், தம் பழைய பள்ளியிலோ கோயில் மண்டபத்திலோ ஒரு மணி நேரம் அமர்ந்து இவற்றை விளக்கினால், அடுத்த ஆண்டு விண்ணப்பிக்கும் மாணவர் திசை தெரியாமல் தடுமாறமாட்டார். பால்மரக் காட்டில் மூத்தவர் ஒருவர் புதியவரின் கையைப் பிடித்து வெட்டின் ஆழத்தைக் கற்றுத் தந்ததைப் போன்றதே இதுவும்.